காட்டுக் கரட்டும் அதன் சுற்றமும்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கி ஏறும் புகையிரதம் வட்டவளையைக் கடந்து அட்டனை அடையுமுன் றொசல்ல என்னும் சிறிய நிலையத்தைத் தொடும். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரத்தில், தேயிலைச் சரிவுகளின் நடுவே அமைந்த இடம் அது. அப்பகுதித் தோட்டங்களில் லயங்களின் பின்புறத்தும் ஓடைக் கரையிலும் கிடைத்த சிறு துண்டு நிலங்களில் தொழிலாளர் குடும்பங்கள் மரக்கறி பயிரிடுவது நெடுநாளைய வழக்கம். கோவா, போஞ்சி, லீக்ஸ் என்பவற்றோடு கரட்டுக்கும் அங்கே ஒரு பாத்தி உண்டு. போஞ்சியின் நெற்றைக் கொடியிலேயே காயவிட்டு அடுத்த போகத்துக்கென எடுத்து வைக்கும் அதே குடும்பம், கரட் விதையை மட்டும் ஒவ்வொரு முறையும் கடையில் காசு கொடுத்தே வாங்குகின்றது. வாங்கும் பொட்டலத்தின்மேல் அச்சிடப்பட்டிருப்பதோ பெரும்பாலும் வேற்று நாட்டின் பெயர்.

தலைமுறை தலைமுறையாகக் கரட் பயிரிடும் வீட்டில் கரட் விதை ஏன் உண்டாவதில்லை? அது எங்கே பூக்கின்றது, எங்கே காய்க்கின்றது? இவ்வினாவுக்கு விடை தேடிச் செல்வோர் மலையகத்தை விட்டு நெடுந்தொலைவு சென்று, கரட்டின் தாயாகிய காட்டுக் கரட்டைக் காண வேண்டும்.

ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் நடு ஆசியாவிலும் பாதையோரங்களிலும் தரிசுகளிலும் தானே முளைத்து வளரும் பூண்டு காட்டுக் கரட். தாவர நூலார் அதனை ‘டோக்கஸ் கரோட்டா’ என்பர். சந்தையில் விற்கும் கரட்டும் அதே இனத்தின் ஒரு கிளையே அன்றி வேறினம் அன்று. இறகுபோற் பிளவுபட்ட இலையைக் கண்டால் உறவு உடனே விளங்கும். வேரைப் பிடுங்கினால் விளங்காது. காட்டுக் கரட்டின் வேர் விரற்பருமன் மட்டும் உடையது, வெளிறிய நிறத்தது, பல கிளைகளாகப் பிரிவது, மென்றால் நாரும் கசப்புமே வாயில் எஞ்சும். கரட்டுக்குரிய மணம் மாத்திரம் அதில் மாறாமல் இருக்கும்.

அதன் அழகு பூவிலே உள்ளது. ஒரு தண்டின் நுனியிலிருந்து குடைக் கம்பிகள் விரிவதுபோற் பல காம்புகள் விரிகின்றன. ஒவ்வொரு காம்பின் நுனியிலும் மீண்டும் ஒரு சிறு குடை. இவ்வாறு குடைமேற் குடையாக நூற்றுக்கணக்கான வெண்ணிறச் சிறு பூக்கள் சேர்ந்து ஒரே தட்டாகத் தோன்றும். அத்தட்டின் சரி நடுவில் பல செடிகளில் ஒரேயொரு பூ மட்டும் கருஞ்சிவப்பாக இருப்பதுண்டு. ஆங்கில நாட்டார் இப்பூவை ‘ஆன் அரசியின் லேஸ்’ என அழைத்து, லேஸ் பின்னும்போது அரசியின் விரலில் ஊசி குத்திச் சிந்திய இரத்தத் துளியே அந்த நடுப்பூ எனக் கதையும் கட்டினர். அது பூச்சியைக் கவர்வதற்கா, வேறெதற்கா என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பூக்கள் கருவுற்றபின் குடை உட்புறமாகச் சுருங்கிப் பறவைக் கூடுபோற் குவிந்துவிடும். அக்கூட்டினுள் முதிரும் விதைகளின் மேல் நுண்ணிய கொளுவி முட்கள் நிறைந்திருக்கும். விலங்கின் மயிரிலும் மனிதரின் ஆடையிலும் ஒட்டிக்கொண்டு அவை ஊர் கடந்து செல்லும். கடையில் விற்கும் விதையில் அம்முட்கள் காணப்படாமைக்குக் காரணம், பொட்டலத்தில் இடுமுன் அவை தேய்த்து நீக்கப்படுவதே.

இச்செடியின் வாழ்நாள் இரண்டு ஆண்டு. முதலாண்டில் அது பூவைப் பற்றிய நினைவே இன்றி நிலத்தோடு ஒட்டி இலை மட்டும் விடும். அவ்விலைகள் ஆக்கிய உணவு முழுவதும் வேருக்குள் இறங்கிச் சேமிக்கப்படும். பனிக்காலம் வந்து நிலம் உறையும்போது மேலே இலை கருகும். கீழே வேர் விழித்திருக்கும். அடுத்த இளவேனிலில் அச்சேமிப்பு அனைத்தையும் ஒருங்கே செலவிட்டு, ஆளுயரத் தண்டு எழுப்பிப் பூத்து, விதைத்து, வேரோடு மாண்டுவிடும். கரட் கிழங்கு என்று மக்கள் உண்பது, மறு ஆண்டுப் பூவுக்கென அச்செடி சேர்த்து வைத்த முதலையே. விதைத்து மூன்று மாதத்தில் அதனைப் பிடுங்கும் தோட்டக்காரர் செடியின் வாழ்வைப் பாதியிலேயே முடித்துவிடுகின்றார். ஆதலின் கரட்டை நாள்தோறும் உண்போரிலும் அதன் பூவைக் கண்டோர் மிகச் சிலர்.

எப்போதேனும் ஒரு பாத்தியில் ஒன்றிரண்டு செடிகள் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே தண்டு எழுப்பிப் பூத்துவிடுவது உண்டு. அது நோய் என்றும் மண்ணின் குறை என்றும் எண்ணுவோர் பலர். உண்மையில் அது முந்திக்கொண்ட பூப்பு. தண்டு எழுந்த கணத்திலிருந்து வேரிலுள்ள இனிப்பு மேலேறத் தொடங்கும். வேரின் நடுத்தண்டு பாரத்தைத் தாங்குவதற்கெனக் கட்டையாக இறுகும். அத்தகைய கரட்டை எவ்வளவு வேகவைத்தாலும் நடுவே குச்சிபோல் ஒன்று எஞ்சுவது அதனாலேயே.

மெல்லிய வெள்ளை வேர் பருத்த செங்கிழங்கானது எவ்வாறு? பண்டைய கிரேக்கரும் உரோமரும் கரட்டை அறிந்திருந்தனர். எனினும் அவர்தம் மருத்துவ நூல்களில் கரட்டும் அதன் உறவான பாஸ்னிப் கிழங்கும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன; விதையும் மருந்தாகவே பெரிதும் பேசப்படுகின்றது. மரக்கறியாகப் பயிரிடப்பட்ட கரட் ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டளவில் நடு ஆசியாவில், இன்றைய ஆப்கானிஸ்தானை அடுத்த நிலப்பகுதியில், தோன்றியது என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு. அங்குள்ள காட்டுக் கரட்டே பயிர்க் கரட்டுக்கு மிக நெருங்கியது என மரபணு ஆய்வுகளும் காட்டியுள்ளன. 2016 இல் கரட்டின் மரபணுத் தொகுதி முழுவதும் படித்து வெளியிடப்பட்டது. முப்பத்தீராயிரத்துக்கு மேற்பட்ட மரபணுக்கள் அதில் எண்ணப்பட்டன.

முதற் கரட்டுகள் ஊதாவும் மஞ்சளும் ஆகிய நிறத்தன. மேற்கே பாரசீகம், அராபிய நாடுகள், ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்கும், கிழக்கே இந்தியா, சீனம், யப்பானுக்கும் அவை பரவின. இன்று எங்கும் காணப்படும் செம்மஞ்சட் கரட் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஒல்லாந்தில் நிலைபெற்றது. ஒல்லாந்து அரச குடும்பமாகிய ‘ஒரேஞ்ச்’ குலத்தாரைப் பெருமைப்படுத்தவே அந்நிறம் உண்டாக்கப்பட்டது என்பது கேட்க இனிய கதை. அதற்குச் சான்று இல்லை. மண்ணுக்கும் சந்தைக்கும் ஏற்றதைப் பல தலைமுறைத் தோட்டக்காரர்கள் பொறுக்கிப் பொறுக்கி விதைத்தனர் என்பதே நம்பத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு விதை வணிகர் வில்மோரின் என்பார் காட்டுக் கரட்டையே விதைத்து, பருத்த வேர்களைத் தெரிந்தெடுத்து, சில தலைமுறைகளில் உண்ணத்தக்க கிழங்கைப் பெற்றதாக அறிவித்தார். அயலிலிருந்த தோட்டக் கரட்டின் மகரந்தம் காற்றோடன்று, பூச்சியோடு வந்து அவருடைய செடிகளிற் கலந்திருக்கும் எனப் பிற்காலத்தார் ஐயுற்றனர். ஐயம் நியாயமானதே. கரட் பூவில் மகரந்தம் முதலில் முதிர்ந்து, சூலகம் பிறகே ஏற்கும் நிலை அடைவதால், அது பெரும்பாலும் அயற் செடியின் மகரந்தத்தையே நாடி நிற்பது.

இனி அதன் சுற்றத்தைப் பார்ப்போம். கரட் தமிழர் சமையலறைக்கு நேற்று வந்த விருந்தாளி எனினும், அதன் உறவினரோ அங்கே பல நூற்றாண்டுகளாகக் குடியிருப்பவர்கள். கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், ஓமம், சதகுப்பை ஆகிய அனைத்தும் கரட் சேர்ந்த குடைப்பூக் குடும்பத்தினவே. மூவாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெருங்குடும்பம் இது. கொத்தமல்லியின் ஒரு மணியை விரலிடையே அழுத்திப் பார்த்தால் அது இரு சம பாதிகளாகப் பிளக்கும். சீரகத்தின் ஒரு மணியும் நகத்தாற் கீறினால் அவ்வாறே இரண்டாகும். இக்குடும்பத்தின் கனி யாவும் இரட்டையாகப் பிறந்து, முதிர்ந்தபின் பிரிவன. கரட் விதை என்று விற்கப்படுவதும் அத்தகைய பாதிக் கனியே. அப்பாதியின் முதுகில் ஓடும் வரம்புகளுக்கு இடையே நுண்ணிய எண்ணெய்க் குழாய்கள் உள்ளன. சீரகம் தாளிக்கும்போது வீடெங்கும் பரவும் மணமும், காய்ச்சலுக்கு அவித்த கொத்தமல்லி நீரின் மணமும் அக்குழாய்களிலிருந்தே வெளிப்படுவன. கரட் விதையை உள்ளங்கையிற் கசக்கி முகர்ந்தால் உறவின் சாடை அங்கும் தெரியும்.

பெருங்காயமும் இச்சுற்றத்தைச் சேர்ந்ததே. ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் வளரும் ஒரு குடைப்பூச் செடியின் பருத்த வேரைக் கீறி எடுக்கும் பால் உறைந்து பெருங்காயமாகின்றது. நாள்தோறும் பெருங்காயம் உண்ணும் இந்தியா, அச்செடியைத் தன் மண்ணிற் பயிரிடும் முயற்சியை 2020 ஒக்டோபரிலேதான், இமயமலையின் இலாகூல் பள்ளத்தாக்கிலே தொடங்கியது. அதற்கான விதையும் ஈரானிலிருந்து வந்ததே. மலையகத்தின் ஈர மண்ணிலே படர்ந்து, சம்பலாகவும் சுண்டலாகவும் இலங்கையர் உண்ணும் வல்லாரையோ இன்னொரு வியப்பு. இறகிலையும் இல்லை, பெருங்குடையும் இல்லை. ஆயினும் வட்ட இலையின் அடியில் ஒளிந்திருக்கும் அதன் சின்னஞ்சிறு பூங்கொத்தைக் கண்ட தாவர நூலார் அதனையும் இக்குடும்பத்திலேயே சேர்த்தனர்.

எல்லாச் சுற்றத்திலும் ஒரு கொடியவர் இருப்பதுபோல இங்கும் உண்டு. கி. மு. 399 இல் கிரேக்க ஞானி சோக்கிரதீசு அருந்திய நஞ்சு, ஹெம்லொக் எனப்படும் செடியின் சாறு. வெண்குடைப் பூவும் பிளவுபட்ட இலையும் கொண்ட அதனைக் காட்டுக் கரட் என மயங்கி உண்டு மாண்டோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உளர். காட்டுக் கரட்டின் தண்டில் மயிர் இருக்கும். ஹெம்லொக்கின் தண்டு வழுவழுப்பாக, ஊதாப் புள்ளிகளுடன் இருக்கும். வெளிநாடு சென்று வாழும் தமிழர், அங்கே பாதையோரத்தில் வெண்குடைப் பூவைக் காணும்போது கண்ணால் மட்டும் நுகர்தல் நன்று.

கரட்டின் பயனைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. 1831 இல் ஜெர்மானிய வேதியியலார் வாக்கன்றோடர் கரட் வேரிலிருந்தே பிரித்தெடுத்த நிறப்பொருளுக்குக் கரோட்டீன் எனப் பெயரிட்டார். உடல் அதனை விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். அது குறைந்தால் மாலைக்கண் வரும். கரோட்டீன் கொழுப்பில் கரைவது. எனவே வெறும் நீரில் அவித்த கரட்டைவிடத் தேங்காய்ப்பால் விட்ட கரட் கறியிலிருந்து அது உடலுக்கு மிகுதியாகக் கிடைக்கும். இதனை எந்த ஆய்வுகூடமும் சொல்லித் தருமுன்பே சமையலறை கண்டுகொண்டது.

இனி மலையகத்துக்குத் திரும்பலாம். 1848 இல் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் தம் நாட்டிலிருந்து உழவரையும் கால்நடைகளையும் கருவிகளையும் நுவரெலியாவுக்குக் கொண்டுவந்து, அங்கே ஓர் ஆங்கிலப் பண்ணையை நிறுவ முனைந்தார். அம்மண் பார்வைக்கு வளமாகத் தோன்றினும் எருவின்றிப் பயன் தராது எனக் கண்டார். 1885 இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. குளிர்நாட்டு மரக்கறி கொழும்புச் சந்தைக்கு விரைந்து செல்ல வழி பிறந்தது. தேயிலைக்கென இந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தமிழர் தம் ஓய்வு நேரத்தில் மரக்கறிப் பாத்திகளையும் பேணினர். இன்று நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளின் கரட் நாடெங்கும் செல்கின்றது. றொசல்லயில் அவ்வளவு விளைவதில்லை. அடுத்துள்ள வட்டவளை இலங்கையின் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை அங்கே பெய்யும். நீர் தேங்கினால் கரட் அழுகும். மண் இறுகினாலும் கல் தடுத்தாலும் பச்சை எரு இட்டாலும் வேர் இரண்டு மூன்றாகக் கவர்விடும். உயர்த்திய பாத்தியில், பெருமழை ஓய்ந்த மாதங்களில் விதைப்போரே அங்கு நல்ல கிழங்கு காண்பர்.

விதை உண்டாகாமைக்குக் காரணம் அந்தக் காட்டுத் தாயின் வழக்கமே. பனிக்காலம் கழிந்தது என்பதை உணர்ந்தாலன்றி ஐரோப்பியக் கரட் பூக்காது. ஏறத்தாழப் பத்துப் பாகை செல்சியசுக்குக் கீழான குளிர் பல வாரம் தொடர்ந்து அதன் குருத்திற் பட வேண்டும். றொசல்லயில் அக்குளிர் இல்லை. 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவிலே தை, மாசி மாதங்களில் துகள்பனி உறைவதுண்டு. எனினும் நெடுங்குளிர் வேண்டும் வகைகளுக்கு அது போதாது. குறைந்த குளிரில் பூக்கும் வகைகள் அங்கே பூத்தாலும், விதை முற்றும் வேளையில் மழையும் மூடுபனியும் வந்து பூங்குடையிலேயே பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். ஆதலின் இலங்கையில் விதைக்கப்படும் கரட் விதையின் பெரும் பங்கு இறக்குமதியாகவே வருகின்றது. மலையகத்தில் விரும்பப்படும் ‘நியூ குரோடா’ என்ற வகை யப்பானிய வழியினது. வெப்பத்தை ஓரளவு தாங்கவல்லது.

எல்லாக் கரட்டும் குளிருக்கு அடிமையன்று. கிழக்கே பரவிய பழைய ஆசிய வகைகள் குளிரை அவ்வளவாக வேண்டுவதில்லை. வட இந்தியச் சமவெளியில் பனிக்காலத்தே விளையும் செந்நிறக் கரட் அவ்வாறானது. அங்குள்ள உழவர் அதன் விதையைத் தம் நிலத்திலேயே எடுக்கின்றனர். ஐரோப்பிய வகை விதைக்கோ இந்தியாவும் மலையேற வேண்டியதாயிற்று. இமாசலப் பிரதேசத்துக் குல்லுப் பள்ளத்தாக்கின் கட்ரெயின் ஆராய்ச்சி நிலையம் அப்பணியைச் செய்து வந்துள்ளது. பெங்களூரிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ‘அர்க்கா சூரஜ்’ என்னும் வகையை வெளியிட்டது. வெப்பநிலத்திலேயே பூத்து விதைக்கும் செம்மஞ்சட் கரட் அது. இலங்கையிலும் நுவரெலியாவை அடுத்த சீத்தா எலியாவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் உண்டு.

விதை எங்கிருந்து வருகின்றது என்னும் வினா 2021 வரை பலருக்குப் பொருட்டாகத் தோன்றவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அடுத்து 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியது. ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர், சில மாதங்களில் 360 ரூபாயைக் கடந்தது. டொலரில் வாங்கப்படும் விதையும் அதே விகிதத்தில் ஏறாமல் இருக்க இயலாது. நாட்கூலியில் வாழும் தோட்டக் குடும்பத்துக்கு லயத்துப் பாத்தி பொழுதுபோக்கன்று. கறிக்கும் அதுவே, கைச்செலவுக்கும் அதுவே. சந்தையில் மரக்கறி விலை ஏறிய அவ்வேளையில், விளைவிக்கும் கையும் நிலமும் இருந்தும் விதைக்கு வழியற்று நின்ற பாத்தியே அதற்குப் பேரிழப்பு.

வீட்டிலேயே விதை எடுக்கலாகாதா எனின், முயலலாம். ஆனால் போஞ்சியைப்போல் எளிதன்று. முதலில் வகை கலப்பினமாக இருத்தல் ஆகாது. கலப்பின விதையின் மக்கள் தாயை ஒப்பதில்லை. நேராகவும் நிறமாகவும் பருத்தும் உள்ள கிழங்குகளைப் பிடுங்கித் தெரிந்தெடுத்து, இலையைக் குருத்துக்கு மேல் நறுக்கி, மீண்டும் நட வேண்டும். முந்திப் பூத்த செடியின் விதையை ஒருபோதும் எடுத்தலாகாது. அவ்விதை மறுமுறை பாத்தி முழுவதையும் முந்திப் பூக்கச் செய்யும். பலரும் தவறுவது இங்கேயே, ஏனெனில் கையருகே எளிதிற் கிடைப்பது அவ்விதைதான். ஒன்றிரண்டு கிழங்கு நட்டும் பயனில்லை. நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்தால் கரட் சில தலைமுறைகளில் மெலிந்துபோகும். பல பத்துக் கிழங்குகளேனும் ஒருங்கே பூக்க வேண்டும். ஒரு லயத்துப் பாத்தி அதற்குப் போதாது. நுவரெலியா உயரத்தில், மழைக்கு மறைப்பிட்ட கூடாரத்தில், பல குடும்பங்கள் சேர்ந்து செய்யின் அது கைகூடக் கூடியதே. ஒரு கிராம் நிறையில் ஏறத்தாழ எண்ணூறு விதைகள் இருக்கும் ஆதலின், ஒரு சிறு கூடாரத்தின் விளைவே பல லயங்களுக்குப் போதும்.

எடுத்த விதையைப் பேணுதல் வேறொரு பாடு. உலர்ந்த குளிரிடத்தில் கரட் விதை இரண்டு மூன்று ஆண்டு முளைக்கும். றொசல்லயின் ஈரக்காற்றிலோ திறந்த காகிதப் பொட்டலத்தில் அது சில மாதங்களிலேயே வலுவிழக்கும். நன்கு உலர்த்தி, இறுக மூடிய போத்தலில், அடியில் வறுத்து ஆறவைத்த அரிசி சிறிது இட்டு வைப்பின் அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். விதைத்தபின் முளை தோன்றப் பத்து நாள் முதல் மூன்று வாரம் வரை ஆகும். பழுதான விதை எனக் கருதி அதற்குள் பாத்தியைக் கிளறிவிடுவோர் உண்டு. அந்நாட்களில் மேல்மண் காயாதபடி வைக்கோலோ மானாப்புல்லோ மெல்லெனப் பரப்பி, முளை தலைகாட்டியதும் எடுத்துவிடல் வேண்டும்.